எங்கள் ஊரில் முளைக்காத செடி

பெரு நாட்டில் ஒரு நாளும் தானாக முளைத்திராத ஒரு பூச்செடிக்கு 'பெருவியானா' என்று பெயர். அது மத்தியதரைக் கடலோரத்துச் செடி. பெருவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்காவில் சாலையோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் எருக்கம் இனம் ஒன்றுக்கு 'சிரியாகா' என்று பெயர். சிரியா எங்கே கிடக்கிறது, அமெரிக்கா எங்கே கிடக்கிறது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திய முப்பது வருடமும் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். "எவனோ ஒருத்தன் அசந்த நேரத்துல வச்ச பேரு, இன்னும் ஆயிரம் வருஷம் ஆனாலும் அப்படியேதான் இருக்கும்" என்பேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இப்போது எங்கள் ஊர்ப் பெயரிலும் அப்படி ஒரு செடி இருக்கிறது. எங்கள் ஊரில் அது முளைத்ததே இல்லை. அந்தப் பெயரை வைத்தது நான்தான். அசந்த நேரத்தில் இல்லை, நன்றாக விழித்திருந்தபோது வைத்தேன். எங்கள் ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுத வேண்டிய இடத்திலும் எழுதக் கூடாத இடத்திலும் அது போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்துப் போகிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செடிகொடிகளின் லத்தீன் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது சொல்தான் அந்தச் செடிக்கே உரியது. அந்த இரண்டாவது சொல்லை ஓர் ஊரிலிருந்து உண்டாக்குவது பழைய வழக்கம். ஊர்ப் பெயரை எடுத்து, வாலில் 'என்சிஸ்' என்றோ 'இகா' என்றோ 'ஆனா' என்றோ சேர்த்துவிட்டால் 'இன்ன ஊரைச் சேர்ந்தது' என்று பொருள் வந்துவிடும். நன்னாரியின் பெயரில் இந்தியா இருக்கிறது. கொடிவேலியின் பெயரில் இலங்கை இருக்கிறது. சளிக்கு அடை வார்த்துத் தின்கிற முசுமுசுக்கையின் பெயரில் பழைய மதராஸ்பட்டணம் இருக்கிறது. வயல் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் சிவப்புப் புறாவின் பெயரில் நம் தரங்கம்பாடி இருக்கிறது. 'ட்ரான்க்யூபாரிகா'. அந்தச் சொல்லை முதல் முறை படித்தபோது எனக்கு வயது பத்தொன்பது. நம் பக்கத்து ஊர் ஒன்று இத்தனை பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்தக் கிறுக்கு எனக்குப் போகவே இல்லை. துறை அறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதுதான் எங்கள் விளையாட்டு. டிகிரி காப்பி 'கும்பகோணென்சிஸ்'. நாகூரிலிருந்து அலுவலக ஊழியர் கொண்டுவரும் அல்வா 'நாகோரென்சிஸ்'. சீர்காழியிலிருந்து தினமும் ரயிலில் வந்து தினமும் தாமதமாகக் கையெழுத்துப் போடும் இயற்பியல்காரர் 'சீர்காழியானா'. அவர் முகத்துக்கு நேராகவே சொல்வோம். "போங்கம்மா, உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்த விளையாட்டில் என்னோடு சரிக்குச் சரி நின்றவர் ஒருவர்தான். அவரும் தாவரவியல் ஆசிரியை. நானும் அவரும் துறையில் சேர்ந்தது ஒரே வருடம், ஏறத்தாழ ஒரே வயது. சேர்ந்த வாரத்தில் நான் கேட்டேன், "உனக்கு எந்த ஊரு?"

"உங்க ஊர்தான் மேடம்."

எனக்கு ஒரே சந்தோஷம். எந்தத் தெரு, யார் வீடு என்று அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாணல்திட்டு" என்றார்.

"ஓ" என்றேன் நான். அந்த 'ஓ' எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

எங்கள் ஊரிலிருந்து வாய்க்காலைத் தாண்டி, வயலுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் நாணல்திட்டு வரும். நாற்பது வீடுகள். எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் மிராசுக் குடும்பம். நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்கள் அங்கிருந்துதான் வருவார்கள். எங்கள் வீட்டில் யாரும் நாணல்திட்டு என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'அந்தத் தெரு' என்பார்கள். தேர்தல் வந்தால், ஊர்க் கூட்டத்துக்குத் தலை எண்ண வேண்டியிருந்தால், 'எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதானே' என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். பெருந்தன்மையாகச் சொல்வதாகவே அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எங்கம்மா உங்க வயலுக்கும் நடவுக்கு வருவாங்க மேடம்" என்றார் அவர் அன்றைக்கே. வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை, ஒரு தகவலைச் சொல்வது மாதிரி சொன்னார். நான் பேச்சை மாற்றினேன். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். நான் அவரை 'நீ' என்பேன், அவர் என்னை 'மேடம்' என்பார். அதைச் சிநேகம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவர், டிபன் பாக்ஸை என் மேஜையில் வைத்தார். திறந்தால் ஈரச் செய்தித்தாள். அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு நீர்ச்செடி, சிவப்புத் தண்டு, அரிசிக் குருணை அளவுக்கு இளஞ்சிவப்புப் பூ. ரோட்டாலா என்ற இனம். நம் வயல் ஓரங்களில் அதில் நாலைந்து வகை சாதாரணமாகக் கிடைக்கும்.

"இது எதுலயும் சேர மாட்டேங்குது மேடம்" என்றார்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சேரவில்லை. தண்ணீருக்குள் இருக்கும்போது ஓர் இலை, தண்ணீர் வற்றியதும் வேறு இலை. அது அந்த இனத்தில் பலவற்றுக்கும் உண்டு. பூவின் உள்ளே இருக்கும் செதில்தான் ஒத்துவரவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவே இல்லை.

எங்கே எடுத்தது என்று கேட்டேன். நாணல்திட்டுக் குட்டையில், மழைத் தண்ணீர் வற்றும் ஓரத்தில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு போனார். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்தக் குட்டையைப் பார்க்க ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது. பெரிய அழகெல்லாம் இல்லை. ஒரு பக்கம் நாணல், ஒரு பக்கம் துணி துவைக்கும் கல். மூன்றாவது ஓரத்தில், உள்ளங்கை உள்ளங்கையாகச் சிவப்புத் திட்டுகள்.

"ஏன் இங்க மட்டும் இருக்கு?" என்றேன்.

"உங்க ஊரு வாய்க்கால் தண்ணி இந்தக் குட்டைக்கு வந்ததே இல்ல மேடம். கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க, விடல. உரமும் வரல, களைக்கொல்லியும் வரல. வானத்துத் தண்ணிதான். அதான் பொழச்சுக் கெடக்கு."

நான் குனிந்து செடியைப் பார்ப்பது மாதிரி நின்றேன்.

இரண்டு வருடம் தேடினோம். புதுச்செடி என்று சொல்ல வேண்டுமானால், அது வேறு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்தாக வேண்டும். பூதலூரிலிருந்து கல்லணை வரைக்கும் குளம், குட்டை, வாய்க்கால் கரை ஒன்று விடவில்லை. எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் முழங்கால் சேற்றில் நானே இறங்கினேன். எங்கள் பழைய வயல் வரப்பில் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்தது. இல்லை. 'எங்கள் ஊரில் இல்லை' என்று ஆய்வுக் குறிப்பேட்டில் என் கையால் எழுதினேன். அந்தக் குட்டையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அது எங்கள் கண்ணில் படவில்லை.

பெயர் விஷயம் ஒரு மதிய நேரத்தில் வந்தது. செடியைத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தோம். எந்தத் தாளில் ஒட்டிய செடியை வைத்துப் பெயர் சூட்டுகிறோமோ, அந்தத் தாள்தான் அந்தப் பெயருக்குச் சாட்சி. அதைப் பெரிய ஹெர்பேரியம் ஒன்றில், உலர்ந்த செடிகளுக்கான காப்பகத்தில், வைத்துப் பாதுகாப்பார்கள். செடி அழிந்தாலும் தாள் இருக்கும்.

"உங்கம்மா பேர வைப்போமா?" என்றேன். நல்ல மனதோடுதான் கேட்டேன்.

"வேணாம் மேடம். ஊர்ப் பேரு வைங்க. நாணல்திட்டென்சிஸ்."

"கொஞ்சம் நீளமா இருக்கே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பசையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் சர்டிபிகேட்ல உங்க ஊரு. ரேஷன் கார்டுல உங்க ஊரு. எங்கம்மா செத்த சர்டிபிகேட்லயும் உங்க ஊருதான். மேப்புல நாங்க இல்ல. இப்ப ரோடு வருதுன்னு கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்க. குட்டைய தூத்துருவாங்க. வீடெல்லாம் எடுத்துட்டு மெயின் ரோட்டுல தொகுப்பு வீடு தரப்போறாங்களாம். போயிட்டா நாணல்திட்டுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. லத்தீன்ல வச்ச பேர ஒரு கலெக்டர் வந்தாலும் மாத்த முடியாதுல்ல மேடம். எனக்கு அது வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

"கண்டிப்பா வைப்போம்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சத்தியம் மாதிரிதான்.

கட்டுரை எழுதினோம். செடியின் லத்தீன் பெயரை முழுதாக எழுதும்போது, அதை வைத்தவர்களின் பெயரும் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்; அந்த வரிசையில் நான் முதல், அவர் இரண்டாவது. செடியைக் கண்டுபிடித்தவர் ஏன் இரண்டாவது என்று யாரும் கேட்கவில்லை. நான் துறைத்தலைவி, கேட்க யாருக்கு வாய் வரும். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். ஆறு மாதம் சத்தமே இல்லை.

பதில் வந்தபோது அவர் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அறுவைக்கு முந்தைய நாள் போனில் சொன்னேன். "திருத்தம் கேட்டிருக்காங்க, சின்னதுதான்" என்றேன். "நீங்க பாத்து அனுப்பிடுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா" என்றார். குரல் சோர்ந்திருந்தது.

கட்டுரையைச் சரிபார்த்தவர் கேட்டது ஒரே ஒரு வரி. 'நாணல்திட்டு' என்ற இடம் எந்த வரைபடத்திலும் கிடைக்கவில்லை, அது எந்த வருவாய்க் கிராமத்தில் அடங்கியது என்று குறிப்பிடுங்கள், அவ்வளவுதான். 'நாணல்திட்டு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டு, எங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்திருந்தால் வேலை முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

நான் நாணல்திட்டை அழித்துவிட்டு எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். பட்டாவில் அப்படித்தானே இருக்கிறது, கிராமக் கணக்கில் அப்படித்தானே இருக்கிறது, குழப்பம் வேண்டாமே என்று தோன்றியது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பாதிப் பாவம்தான். இடம் மாறியதும், தலைப்பில் இருக்கும் 'நாணல்திட்டென்சிஸ்' எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது மாதிரி தெரிந்தது. இடம் ஒன்று, பெயர் ஒன்றா என்று இன்னொருவர் கேட்டால்? அதையும் மாற்றினேன். எங்கள் ஊர்ப் பெயர், வாலில் ஓர் 'என்சிஸ்'. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

இரண்டாவது திருத்தத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை. இதை நான் எத்தனையோ விதமாக எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கெடு நெருங்கியது, அவர் மயக்கத்தில் இருந்தார், நீளமான பெயர் வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான் எல்லாம். உண்மை வேறு. எங்கள் ஊர்ப் பெயரை லத்தீனில் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது, பெருமையாக இருந்தது. அதைவிட மோசமான உண்மை, தப்பு செய்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. நாணல்திட்டு எங்கள் ஊருக்குள் அடக்கம்தானே. நம்ம ஊர்தானே. அப்பா பேசிய அதே பேச்சு, என் விரல் வழியாக அச்சுக்குப் போனது. அந்தக் கட்டுரையில் 'நாணல்திட்டு' என்ற சொல் கடைசியில் ஓர் இடத்தில்கூட மிஞ்சவில்லை.

வெளிவந்த அன்று அதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே பூப்படம் மூன்று. அவர் வீட்டில் ஓய்வில் இருந்தார். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. உடம்பு முடியாமல் இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் வந்தது. "நல்லது மேடம்." அவ்வளவுதான்.

அந்த மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். சென்னையில் இருக்கும் என் அண்ணன் விழாக் குழுவில் பெரிய ஆள். விஷயம் தெரிந்ததும் பஸ் நிறுத்தத்தில் இருபது அடிக்கு பிளெக்ஸ் வைத்துவிட்டார். உலகத் தாவரவியலில் நம் ஊர். செடியின் படம், ஊர்ப் பெயர், என் படம். அண்ணன் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார். "அப்பா இருந்து பாத்திருக்கணும்" என்று கீழே எழுதியிருந்தார். நாணல்திட்டுக்காரர்கள் பஸ் ஏற வரும் இடமும் அந்த நிறுத்தம்தான். தினமும் காலையில் அதற்குக் கீழேதான் நின்றிருப்பார்கள். படத்தில் இருந்த செடி அவர்கள் துணி துவைத்த குட்டையில் இருந்த செடி.

அந்தப் போட்டோவைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் முறையாக உறுத்தியது. அதுவரைக்கும் இல்லை. இருபது அடி பிளெக்ஸ் வைத்துக் காட்டினால்தான் எனக்கெல்லாம் உறைக்கும்.

விடுப்பு முடிந்து அவர் கல்லூரிக்கு வந்தார். மெலிந்திருந்தார். "உடம்பு எப்படி இருக்கு?" என்றேன். "பரவால்ல மேடம்" என்றார். வகுப்புக்குப் போனார், வந்தார், விடைத்தாள் திருத்தினார். சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் குழம்பு நீட்டினார். ஊர்ப் பெயர் விளையாட்டை யாரோ ஆரம்பித்தபோது டம்ளரைக் கழுவ எழுந்து போனார். சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இருபது வருடத்தில் ஒரு நாளாவது என்னைத் திட்டுகிற உரிமையை நான் அவருக்குக் கொடுத்திருந்தேனா என்று அப்போதுதான் யோசித்தேன்.

நாலாம் நாள் நானே ஆரம்பித்தேன். சரிபார்த்தவர் இடம் கேட்டார், வரைபடத்தில் இல்லை என்றார், உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பார்த்தேன், எப்படியும் நாணல்திட்டு நம்ம ஊருக்குள்தானே வருது. கோவையாகத்தான் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். "தேடிப் பாத்தேன் மேடம்" என்றார். "போன்லயே அந்த வார்த்தையப் போட்டுத் தேடினேன். ஒரு இடத்துலகூட இல்ல."

"இடம் கேட்டாங்கன்னுதான்..."

"நீங்க ஒண்ணும் தப்பா எழுதலங்க மேடம். எப்பவும் எழுதுற மாதிரிதான் எழுதியிருக்கீங்க."

மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். நான் அன்று மதியம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால், எனக்காகத்தான்.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதினேன். தவறு என்னுடையது, செடி அந்த ஊரில் இல்லை, பெயரை மாற்ற வேண்டும், நான் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடத் தயார். மரியாதையாகப் பதில் வந்தது. எனக்குத் தெரிந்த பதில்தான். முறைப்படி வெளியான பெயர், பொருத்தமில்லை என்பதற்காகவோ தவறான இடத்தைக் காட்டுகிறது என்பதற்காகவோ மாற்றத்தக்கது அல்ல. இந்த விதிக்கு உதாரணமாக அவர் எழுதியிருந்தது 'பெருவியானா'. செடி கிடைத்த சரியான இடத்தை வேண்டுமானால் அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தமாகப் போடலாம், பெயர் பெயர்தான்.

ஒரு வழி மிச்சம் இருந்தது. அந்தக் குட்டையிலேயே இன்னொரு புதுச்செடி, ஒரு பாசியாவது, ஒரு நுண்ணிய புல்லாவது கிடைத்தால் அதற்கு அந்தப் பெயரை வைத்துவிடலாம். கிடைக்குமா என்ற கேள்வியே முட்டாள்தனம். ஆனாலும் முங்கிப் போகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். பூதக்கண்ணாடியும் பாலித்தீன் பையுமாகத் தனியாகப் போனேன். கோடை. பஸ் நிறுத்தத்தில் அண்ணன் வைத்த பிளெக்ஸ் வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. வாய்க்காலைத் தாண்டி நடந்தேன்.

குட்டை இல்லை. செம்மண்ணும் சரளையும் கொட்டி, ரோலர் ஓட்டி, சாலைக்கு மட்டம் பண்ணியிருந்தார்கள். துணி துவைக்கும் கல் மட்டும் ஓரமாகப் புரண்டு கிடந்தது. வீடுகளில் பாதிக்கு ஓடு எடுத்திருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மேற்பார்வையாளரிடம், இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். காகிதத்தைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். "இல்லங்க, நாணல்திட்டு" என்றேன். "அப்படியாம்மா? இதுல இல்லையே" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை. நின்ற இடத்திலேயே தரையைக் கிளறிப் பார்த்தேன். சரளைதான் வந்தது.

அங்கிருந்தே அவர் வீட்டுக்குப் போனேன். தஞ்சாவூரிலிருந்த வாடகை வீட்டை விட்டு, மெயின் ரோட்டுத் தொகுப்பு வீடுகளில் அவருடைய தம்பிக்குக் கிடைத்த வீட்டில் அப்போது இருந்தார். கல்லூரிக்கும் அங்கிருந்தே வந்து போனார். இருபது வருடத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனது அன்றுதான். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், சுவரில் எண் மட்டும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். டீ கொடுத்தார். அவர் நெற்றியில் வியர்வை. அறுவைக்குப் பிறகு குனிந்து நிமிர இன்னும் சிரமம் என்று தெரிந்தது.

ஆய்விதழின் பதிலைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். என்னால் முடிந்ததைச் செய்தேன் என்று காட்டத்தான், வேறு எதற்கு. நீட்டினேன். நிதானமாகப் படித்தார். 'பெருவியானா' வந்த இடத்தில் லேசாகத் தலையசைத்தார்.

"குட்டைய தூத்துட்டாங்க" என்றேன்.

"தெரியும் மேடம். போன மாசம். நான்தான் நின்னு பாத்தேன்."

"செடி?"

"ஒரு தொட்டியில கொஞ்சம் கொண்டாந்து வச்சேன். குழாத் தண்ணியில நிக்கல."

ரோட்டில் லாரி போனது. சுவர் அதிர்ந்தது. நான் என்னென்னவோ சொன்னேன். திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன். கருத்தரங்கில் எழுந்து நின்று சொல்கிறேன் என்றேன். என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன், அந்தச் சொல் வாயில் வருவதற்கு அவ்வளவு நேரமாயிற்று. அவர் காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்தப் பேர எப்ப எழுதினாலும் பின்னாடி நம்ம ரெண்டு பேரு பேரும் வரும்ல மேடம்? உங்க பேரு, அப்புறம் என் பேரு."

"வரும்."

"எங்க ஊர்ச் செடிக்கு உங்க ஊர்ப் பேர வச்சவங்கள்ல நானும் ஒருத்தின்னு இருக்கும். இல்லையா?"

கையிலிருந்த காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்த என் பேர மட்டும் எடுத்துட முடியுமா?"

அவருக்கு அந்த விதிகள் என்னைவிட நன்றாகத் தெரியும். பத்து வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவர் அவர். இருந்தும், பதில் வரும்வரை அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடியாது" என்றேன்.